பேசாத இலக்கம்

(இரத்தினபுரியில், தோட்டப்புற இளைஞர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)



பலாங்கொடையிலிருந்து வந்திருக்கிறீர்கள். இறக்குவானையிலிருந்தும் காவத்தையிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். தெஹியோவிட்ட, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கமிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டு, பஸ் மாறி மாறி வந்தவர்களும் இருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் வந்தவர்களிடம் நான் பேசப்போவது ஓர் இலக்கத்தைப் பற்றி. கணினி தானே உண்டாக்குகிற இலக்கம். யாரிடமும் எதையும் கேட்காமல் அதுவே பிறப்பிக்கிற இலக்கம். அந்த இலக்கத்தை ஓர் ஆளின் பதிவுக்குச் சாவியாக வைக்கலாமா? வைத்தால் என்ன நன்மை? எங்கே இடறும்? இதுதான் இன்றைய பொருள்.

“கணினி படிச்ச புள்ளைகளுக்கான பேச்சாச்சே, எங்கள எதுக்கு தம்பி கூப்பிட்டீங்க?” என்று வாசலில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். அம்மா, உங்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. ஓர் எழுத்து மாறியதற்காக, ஓர் எண் பிந்தியதற்காக, பிரதேச செயலகத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் நாள் சம்பளத்தை இழந்து நடந்தவர்கள் நீங்கள். இலக்கத்தின் வலி உங்களுக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு அது இனித்தான் தெரிய வேண்டும்.

முதலில் ஒரு தகர வில்லையைக் காட்டுகிறேன். கையில் இல்லை, சொல்லால் காட்டுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆள் சேர்த்து அழைத்து வந்த காலம். அப்போது ‘டின் டிக்கட்’ முறை என்று ஒன்று இருந்தது. சிறிய தகர வில்லை ஒன்று. அதில் இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். ஒன்று தோட்டத்தின் பதிவு இலக்கம். மற்றது ஆளின் தொடர் இலக்கம். அந்த வில்லையோடு வந்தால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பிறகு அது ஆளின் தலையில் கடனாக இறங்கும்.

அந்த வில்லையில் எது முதலில் வருகிறது என்று கவனியுங்கள். தோட்டம் முதலில். ஆள் பிறகு. தோட்டத்தின் இலக்கத்தை எடுத்துவிட்டால் ஆளின் இலக்கம் யாரையும் குறிக்காது. இந்தத் தோட்டத்திலும் 325 இருப்பார். அடுத்த தோட்டத்திலும் 325 இருப்பார். அப்படியானால் அந்த இலக்கம் யாருக்குச் சொந்தம்? வில்லையைக் கழுத்தில் சுமந்தவருக்கா? தோட்டத்துக்கா? தோட்டத்துக்குத்தான் சொந்தம். தோட்டம் மாற வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். கடனைத் தீர்த்தால் ஆளை விடுகிறோம் என்று எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. 1921இல் சட்டம் வந்துதான் துண்டு ஒழிந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் நடுவில் இந்த வில்லை மறுபடி வரும்.

இப்போது கணினிக்குள் போவோம். பயப்பட ஒன்றுமில்லை, தோட்டத்தில் நாள்வேலை பதிகிற செக்ரோல் புத்தகம் பார்த்த எல்லாருக்கும் தரவுத்தளம் தெரியும். ஒரு நிரைக்கு ஓர் ஆள். குறுக்கே நிரல்கள்: பேர் விழுந்ததா, அதாவது முழுநாள் வேலையாகக் கணக்கானதா, அரைப்பேரா, எத்தனை கிலோ கொழுந்து, எத்தனை கிலோ ரப்பர் பால். இது ஒரு புத்தகம். பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளின் பதிவு இன்னொரு புத்தகம். சேமலாப நிதி வேறொரு புத்தகம். இந்தப் புத்தகத்தில் உள்ள அம்மாதான் அந்தப் புத்தகத்தில் உள்ள பிள்ளையின் அம்மா என்று எப்படிச் சொல்வது? இரண்டிலும் ஒரே அடையாளம் இருந்தால் சொல்லலாம். அந்த அடையாளத்தைத்தான் பாடப்புத்தகம் முதன்மைச் சாவி என்கிறது. ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்த எட்கர் கோட் என்ற கணிதர் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை இது. இன்று வங்கியும் வைத்தியசாலையும் பரீட்சைத் திணைக்களமும் இந்த அட்டவணை முறையில்தான் நடக்கின்றன.

சரி, சாவியாக எதை வைப்பது?

பெயரை வைக்கலாமா? நம் தோட்டத்தில் ஒரு முத்துலட்சுமியை நினைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் முத்துலெச்சுமி. அடையாள அட்டையில் முத்துலட்சுமி. செக்ரோலில் இடம் போதாமல் வெறும் முத்து. சிங்கள எழுத்தில் ஒரு விதம். ஆங்கில எழுத்தில் எழுதியவர் கைக்கு வந்த விதம். கல்யாணத்துக்கு முன் தகப்பன் பெயர், பின் புருஷன் பெயர். ஆள் ஒருத்திதான். பெயரோ ஆறு! இன்னொரு பக்கம், ஒரே லயத்தில் மூன்று முத்துலட்சுமிகள் இருப்பதும் உண்டு. பெயர் சாவியாகாது.

முகவரியை வைக்கலாமா? ஐந்தாம் நம்பர் லயம், மூன்றாம் காம்பரா. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் என்ன நடந்தது? அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியவில் களுபான தோட்டத்து லயத்தின்மேல் மண் வந்து விழுந்தது. உயிர்கள் போயின. பிழைத்தவர்கள் வேறிடம் போனார்கள். லயம் மண்ணுக்குள்ளே. லயத்தின் இலக்கத்தைச் சாவியாக வைத்திருந்தால் அந்தச் சாவி எந்தப் பூட்டைத் திறக்கும்? 1977இலும் 1983இலும் வன்முறைக்குத் தப்பி வவுனியாப் பக்கம் போன குடும்பங்களைக் கேளுங்கள். முகவரி என்பது எவ்வளவு எளிதில் எரியும் என்று சொல்வார்கள்.

இந்த ஊர் மாணிக்க ஊர். உங்களுக்கு ஒன்று சொன்னால் உடனே விளங்கும். இல்லத்தை, அதாவது மாணிக்கம் கிடக்கும் மண்ணை, கழுவி எடுத்த கல்லை அதன் நிறத்தாலும் எடையாலும் பதிந்து வைக்கிறோம் என்று வையுங்கள். பட்டை தீட்டியதும் எடை குறையும். சூடு காட்டினால் நிறம் மாறும். கல் அதே கல். பதிவில் இருக்கிற கல்லோ உலகத்திலேயே இல்லை. கல்லுக்கே இப்படியென்றால், பிறந்து வளர்ந்து கல்யாணம் செய்து ஊர் மாறுகிற மனிதருக்கு எப்படி?

அடுத்தது தேசிய அடையாள அட்டை. “அதுதான் இருக்கிறதே, அதையே சாவியாக வைத்தால் என்ன?” என்று இளைஞர்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பழைய அட்டையில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500 கூட்டுவார்கள். கடைசியில் ஓர் எழுத்து. ‘வீ’ என்றால் வாக்குரிமை உள்ளவர் என்று வழக்கமாகப் பொருள். ‘எக்ஸ்’ என்றால் அது இல்லாதவர். பார்த்தீர்களா? இந்த இலக்கம் பேசுகிறது! உங்கள் வயதைச் சொல்கிறது. நீங்கள் ஆணா பெண்ணா என்று சொல்கிறது. இந்த நாட்டில் உங்கள் நிலை என்ன என்றும் சொல்கிறது.

பேசுகிற இலக்கத்தில் என்ன ஆபத்து? பேச்சு பொய்யாகிப் போகலாம் என்பதுதான் ஆபத்து. பிறந்த திகதியே சரியாகப் பதியப்படாத தலைமுறை நம்முடையது. “பெரிய வெள்ளம் வந்த வருசம் பொறந்தவ” என்றுதான் பல பாட்டிமாருக்கு வயது தெரியும். யாரோ மதித்துப் போட்ட திகதி அட்டை இலக்கத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், பிறகு உண்மைத் திகதி கிடைக்கும்போது எதைத் திருத்துவது? திகதியைத் திருத்தினால் இலக்கம் பொய். இலக்கத்தைத் திருத்தினால் அதைத் தொட்டு நிற்கிற எல்லாப் புத்தகமும் அறுந்துபோகும்.

அந்தக் கடைசி எழுத்தை எண்ணிப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் அந்தப் பக்கம் இந்தியாவுக்கு, 300,000 பேர் இந்தப் பக்கம் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டது. 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு சமூகத்தின் நிலை மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. மாறுகிற ஒன்றை, மாறக்கூடாத இலக்கத்தின் வாலில் கட்டலாமா? கட்டக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அந்த அட்டை இலக்கம் கடைசியில் மாறித்தான் ஆனது. 2000ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளைகள் அட்டை எடுக்கும் வயதுக்கு வந்தபோது, ‘00’ என்றால் 1900ஆ 2000ஆ என்ற கேள்வி எழுந்தது. 2016 முதல் 12 எண்கள். ஆண்டுக்கு நான்கு எண்கள் வந்தன, எழுத்து போயிற்று. நல்லதுதான். ஆனால் பழைய அட்டை வைத்திருந்தவர் புதியது எடுத்தால் ஒரே ஆளுக்கு இரண்டு வடிவில் இலக்கம். ஒரு புத்தகத்தில் பழையது, இன்னொன்றில் புதியது. பிறந்த நாளும் அந்த 500உம் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. இந்தியாவின் ஆதாருக்கும் 12 எண்கள்தான். அதில் ஊரும் இல்லை, வயதும் இல்லை. குருட்டாம்போக்கில் எடுத்த எண்கள். ஆதாரைப் பற்றி வேறு பல விவாதங்கள் உண்டு. இலக்கத்தின் அமைப்பை மட்டும் பார்த்தால் அது நம்முடையதைவிட நல்ல அமைப்பு.

இப்போது தகர வில்லையைத் திரும்ப எடுங்கள். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. உழைத்தவருக்கு முதுமையில் கைகொடுக்கிற நல்ல சட்டம். ஆனால் உங்கள் சேமலாப நிதி இலக்கத்தைப் பாருங்கள். முதலில் தொழில் தருநரின் இலக்கம். பிறகு அங்கத்தவரின் இலக்கம். தோட்டம் முதலில், ஆள் பிறகு! தொழில் தருநர் மாறினால் இலக்கமும் மாறும். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. ஓர் அம்மா அதே மலையில், அதே நிரையில், அதே கூடையோடு நின்றிருப்பார். மேலே இருப்பவர் மாறிக்கொண்டிருப்பார். அந்த அம்மாவின் காசு எத்தனை இலக்கங்களில் சிதறிக் கிடக்கும்?

இந்த இடத்தில் கோட் அவர்களை மறுபடி கூப்பிடுகிறேன். 1970இல் எழுதியவர் 1979இல் இன்னொரு கட்டுரை எழுதினார். மனிதர் கையால் இடும் சாவிகளில் என்ன குறை என்று அதில் சொன்னார். இரண்டு கம்பனிகள் ஒன்றாகும்போது ஊழியர் இலக்கங்களை மாற்ற வேண்டி வரும் என்றார். வேலைக்கு விண்ணப்பித்தவருக்கு இன்னும் ஊழியர் இலக்கம் இல்லை, ஓய்வு பெற்றவருக்கு இனி இல்லை, அவர்களின் விவரத்தை எங்கே வைப்பது என்று கேட்டார். அவர் நம் தோட்டங்களைப் பார்த்தவரல்லர். ஆனாலும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று பார்த்ததுபோல் எழுதியிருக்கிறார்! அதற்கு அவர் சொன்ன வழி இதுதான்: முறைமையே ஓர் அடையாளத்தை உண்டாக்கட்டும். அதன் பெறுமானத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். அது யார் கண்ணிலும் படவேண்டியதில்லை. உள்ளே இருந்து, எல்லா அட்டவணைகளையும் பிணைத்துக்கொண்டிருந்தால் போதும்.

அதைத்தான் நான் பேசாத இலக்கம் என்கிறேன். அது வயதைச் சொல்லாது. சாதியைச் சொல்லாது. ஆண், பெண் சொல்லாது. தோட்டத்தைச் சொல்லாது. எதையும் சொல்லாததால் எதுவும் அதைப் பொய்யாக்க முடியாது. திகதியைத் திருத்துங்கள், பெயரைத் திருத்துங்கள், தோட்டம் மாறுங்கள், கொழும்புக்கே போங்கள். இலக்கம் அசையாது.

ஆனால், தம்பி தங்கையரே, கணினி தருகிற எந்த இலக்கமும் இப்படி அசையாதிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நான் நம்பினேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

2004ஆம் ஆண்டு. கேகாலை மாவட்டத்தில் ஒரு தோட்டத்து மரண உதவிச் சங்கம். கணக்கைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கிறேன் என்று நானே முன்வந்தேன். போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தளம். அது அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிரைக்கும் தானாகவே ஓர் இலக்கம் இடும். ஓஐடி என்பார்கள், பொருள் அடையாள இலக்கம் என்று பொருள். நிரல்களின் பட்டியலில் அது தெரியாது. கேட்டால் மட்டும் வரும். கேளாமலே கிடைத்த வரம் என்று நினைத்தேன். அங்கத்தவர் ஓர் அட்டவணை, அவரவர் பிள்ளைகளும் பெற்றோரும் இன்னோர் அட்டவணை. பிள்ளையின் நிரையில் தகப்பனின் ஓஐடியை எழுதிப் பிணைத்தேன். அழகாக வேலை செய்தது.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் கணினி படுத்துவிட்டது. பிரதி இருந்தது. வேறொரு கணினியில் அதை ஏற்றினேன். எல்லாப் பெயரும் வந்தன, எல்லாக் காசும் வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு வாரத்தில் தோட்டத்தில் ஒரு சாவு. சங்கக் காம்பராவில் பெயரைத் தட்டினால், இறந்தவரின் பிள்ளைகள் என்று வேறொரு வீட்டுப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாயி சொன்னார்: “தம்பி, இவுங்க அவரு புள்ளைங்க இல்லப்பா. இவுங்க அப்பன் உசுரோட இருக்கான்.”

அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. உயிரோடிருக்கும் ஒருவரின் பிள்ளைகளை, இறந்தவரின் பிள்ளைகளாக்கியிருந்தேன்.

என்ன நடந்தது? தனியாகக் கேட்டால் ஒழிய, பிரதி எடுக்கும்போது ஓஐடி கூட வராது. புதிய கணினியில் ஒவ்வொரு நிரைக்கும் புதிய ஓஐடி பிறந்தது. பிள்ளையின் நிரையில் நான் எழுதி வைத்ததோ பழைய இலக்கம். அது இப்போது வேறு யாரையோ சுட்டியது. சில இடங்களில் யாரையுமே சுட்டவில்லை. அது மட்டுமல்ல. ஓஐடி எல்லா அட்டவணைகளுக்கும் பொதுவான ஒரே எண்ணி. ஏறத்தாழ 429 கோடி வரை போய், திரும்ப அடியிலிருந்து தொடங்கும். நாம் தனியாகக் காவல் போட்டாலொழிய, ஒரே அட்டவணையில் ஒரே இலக்கம் இரண்டு நிரைகளுக்கு வராது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அது இயந்திரம் தன் உள்வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்ட இலக்கம். மனிதருக்காகப் பிறந்ததல்ல. 2005இல் வந்த 8.1ஆம் பதிப்பிலேயே, கேட்டால்தான் கிடைக்கும் என்றாக்கினார்கள். 2019இல் வந்த 12ஆம் பதிப்பில் சாதாரண அட்டவணைகளுக்கு அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் எதை வைப்பது? அட்டவணையில் கண்ணுக்குத் தெரியும் ஒரு நிரலாகவே தொடர் இலக்கத்தை வையுங்கள். அது தரவோடு தரவாக இருக்கும். பிரதி எடுத்தால் கூடவே வரும். மேல் டிவிசனில் ஒரு கணினி, கீழ் டிவிசனில் ஒரு கணினி, நடுவே சிக்னல் கிடையாது என்றால், இரண்டிலும் 1, 2, 3 என்று எண்ணி மோதிக்கொள்ளும். அங்கே யூயூஐடி வையுங்கள். 128 பிட் நீளம். யாரும் யாரையும் கேட்காமல் உண்டாக்கினாலும் மோதாது என்று நம்பி இருக்கலாம். மாவட்டப் பட்டியல், மாதப் பட்டியல் போன்ற சின்ன அட்டவணைகளுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

பேசாத இலக்கத்துக்கு ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் போனால் நான் பாதி சொன்னவனாவேன். அது யாரையும் அடையாளம் காணாது! முத்துலட்சுமியை இன்று பதிந்தால் 118 தரும். ஆறு மாதம் கழித்து முத்துலெச்சுமி என்று அதே அம்மாவைப் பதிந்தால் 2046 தரும். மறுக்காது, கேள்வி கேட்காது. இரண்டும் ஒருவர்தானே என்று கேட்கிற அறிவு அதற்கு இல்லை. பேசாத இலக்கத்தை வைத்துவிட்டு இயற்கையான அடையாளங்களைக் கைவிட்டவர்கள் ஒரே ஆளை இரண்டாகவும் மூன்றாகவும் பெருக்கியிருக்கிறார்கள்.

ஆகவே இலக்கத்துக்குப் பக்கத்தில் காவல் வேண்டும். அடையாள அட்டை இலக்கம் இருந்தால் அது இன்னொரு நிரையில் வரக்கூடாது என்று கட்டளை இடுங்கள். அட்டை இல்லாதவரை அதற்காக வெளியே நிறுத்தாதீர்கள்; அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும். பெயர்களுக்குத் தனி அட்டவணை போடுங்கள். எந்தப் பத்திரத்தில் எந்த எழுத்து, எந்தத் திகதி முதல் என்று ஆறு பெயரையும் எழுதுங்கள். ஆறும் ஒரே இலக்கத்தைச் சுட்டட்டும். ‘பிழையான பெயர்’ என்று ஒன்றையும் அழிக்காதீர்கள். நீங்கள் அழித்த எழுத்தில்தான் அந்த அம்மாவின் இருபது வருடக் காசு கிடக்கும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்த இலக்கத்தைச் சம்பளத் துண்டில் அச்சிடாதீர்கள். அச்சிட்டால் ஒருவர் அதை மனனம் செய்வார், இன்னொருவர் வேறு புத்தகத்தில் எழுதுவார், நாளைக்கு அதைக் கேட்டுத்தான் கதவு திறக்கும். பேசாத இலக்கத்தையும் நாம் பேசவைத்துவிடுவோம்.

அந்தச் சங்கத்துப் பதிவைத் திருத்த மூன்று நாள் மாலை ஆயிற்று. அம்மாயிதான் திருத்தினார். எழுதப் படிக்கத் தெரியாது. நான் பிள்ளையின் பெயரை வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “அது மேக்கணக்கு, பால் வெட்டுற கருப்பையாவோட நடுப்புள்ள” என்பார். அடுத்தது வாசிப்பேன். “அது இல்ல, அது தாய் வீட்டுல வளருது, அப்பன் பேருல போடு” என்பார். லயம் லயமாக, காம்பரா காம்பராவாக முழுத் தோட்டமும் அவர் நினைவில் இருந்தது. ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால், “எந்தத் தாய் பெத்தது?” என்று மட்டும் கேட்பார்.

இன்று இந்த மண்டபத்தின் வலப்பக்கத்தில் இரண்டு மேசைகள் போட்டிருக்கிறோம். சேமலாப நிதியிலோ அட்டையிலோ பெயர் மாறியிருப்பவர்கள், தோட்டம் மாறியதால் பழைய இலக்கம் தெரியாமல் இருப்பவர்கள், கையில் எந்தப் பத்திரம் இருந்தாலும் கொண்டு வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கணினி படிக்கும் பிள்ளைகள் எல்லா எழுத்தையும் உள்ளபடியே எழுதிக்கொள்வார்கள். உங்களோடு வந்திருக்கும் பெரியவர்களையும் அந்த மேசைக்கு அழைத்து வாருங்கள். பிள்ளைகளுக்கு அவர்களிடம் கேட்க நிறைய இருக்கிறது. மாலை கடைசி பஸ் போகும் வரை நானும் அங்கேதான் இருப்பேன்.